கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் பத்தி என்ட பட்டறைல வந்து கேக்கிற கேள்விகள்

மட்டக்களப்பில களுவாஞ்சிகுடிப் பக்கம் சின்ன வெல்டிங் பட்டறை ஒண்டு வெச்சிருக்கன். சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதின கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் எண்ட நாவலப் பத்தி இரும்பு கேட் செய்ய வாற ஆக்களோடயும் வாசிகசாலைப் பொடியனுகளோடயும் கதைச்சிக் கதைச்சி, இப்ப சில பேர் கேட் விலையக் கேக்க முதல் கதையத்தான் கேக்கிறாங்க. அதே கேள்விகள்தான் திருப்பித் திருப்பி வருது, அதான் ஒரே இடத்தில எழுதிப் போட்டன். முடிவு வரைக்கும் எல்லாத்தையும் போட்டு உடைப்பன், கதை தெரியக்கூடாதெண்டு நினைக்கிற ஆக்கள் வாசிச்சி முடிச்சிட்டு வாங்க.

கே: வெல்டிங் அடிக்கிற ஆளுக்கு எப்பிடி இந்தப் புத்தகம் கெடைச்ச?

மனிசிட தம்பி கம்பசுக்குப் போகக்குள்ள விட்டிட்டுப் போன பெட்டிக்குள்ள கிடந்தது. 2022 பங்குனிக் கடைசில நாளொண்டுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, ஞாபகம் இருக்கும்தானே, கரண்ட் இல்லாட்டி எனக்குத் தொழில் இல்ல, ஜெனரேட்டர் போடுவமெண்டா டீசலுக்கு லைன்ல நிக்கோணும், சும்மா குந்திக்கிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டு வாற போற ஆக்கள்ட்டயெல்லாம் எரிஞ்சி விழுந்துகிட்டு இருந்தன், மனிசிதான் கொண்டு வந்து மேசைல போட்டா, "இதையாவது பாருங்க, எங்களப் போட்டுக் கத்தாதங்க" எண்டு. இங்கிலீசு ஏஎல் வரைக்கும் படிச்சதுதான். போன்ல டிக்‌ஷனரி வெச்சிக்கிட்டு மெல்ல மெல்ல வாசிச்சன். 59 அதிகாரம்.

கே: கதைய ஒருக்கா சுருக்கிச் சொல்லுங்களன்?

பிப் எண்டு ஒரு பொடியன், தாய் தகப்பன் இல்ல, இங்கிலாந்தில கென்ட் எண்ட பகுதியில சதுப்புக் காணிப் பக்கம் அக்காவோடயும் அக்காட புருசன் ஜோவோடயும் வளருறான். ஜோ கொல்லன். நத்தாருக்கு முதல் நாள் தாய் தகப்பன்ட கல்லறையில நிக்கிற நேரம், பழைய கப்பல ஜெயிலாக்கி வெச்சிருந்த இடத்தில இருந்து தப்பி வந்த மக்விச் எண்ட கைதி இவனப் புடிச்சி வெருட்டி அரமும் சாப்பாடும் கேக்கிறான், இவன் வீட்டில இருந்து களவெடுத்துக் குடுக்கிறான். பிறகு ஊரில ஒரு பணக்காரப் பொம்புள, மிஸ் ஹவிஷாம், தன்ட வளர்ப்பு மகள் எஸ்டெல்லாவோட விளையாட இவனக் கூப்பிடுறா. அங்க போனதில இருந்துதான் இவனுக்குத் தன்ட கை, சப்பாத்து, வீடு, ஜோ எல்லாமே அசிங்கமாத் தெரியத் தொடங்குது. கொஞ்சக் காலத்தால ஒரு லோயர் வந்து, பேர் சொல்லாத ஒராள் உனக்குப் பெரிய சொத்துத் தாறார், லண்டனுக்கு வந்து ஜென்டில்மேனா வாழ் எண்டு சொல்ல, இவன் அது மிஸ் ஹவிஷாம்தான் எண்டு முடிவு கட்டிக்கிட்டு போயிடுறான். 23 வயசில ஒரு மழை ராவு படியேறி வந்து நிக்கிறது அந்தக் கைதி. காசு முழுக்க அவன்ட.

கே: பிப்ப உங்களுக்குப் புடிக்குமா? எனக்கு அவனப் புடிக்கவே இல்ல எண்டு பொடியனுகள் சொல்றாங்க.

பொடியனுகளுக்குப் புடிக்காதுதான், ஏனெண்டா அவங்க எல்லாருமே இப்ப பிப்தான், ஆரு தன்ட மூஞ்சியப் பாத்துக்கிட்டிருக்க விரும்புவான். நான் பிப்ட பக்கத்தில இருந்து வாசிக்கவே இல்ல. எங்கட பக்கம் கலியாணம் முடிச்சா மாப்பிள்ளதானே பொண்ணுட வீட்ட போயிருக்கிற, நான் போகக்குள்ள மனிசிட தம்பி சின்னப் பொடியன், தகப்பன் இல்ல, என்ட சைக்கிள் பார்ல இருந்துதான் பள்ளிக்கூடம் போன. அக்காட புருசன், இரும்பு வேல, பக்கத்தில ஒரு பொடியன். அப்ப நான் ஆரு? முதல் பத்துப் பக்கத்திலயே எனக்கு விளங்கிட்டு, நான் இந்தக் கதையில ஜோ. அதால நீங்க கேக்கிற கேள்வி எல்லாத்துக்கும் பட்டறைக்குள்ள இருந்துதான் பதில் வரும்.

பிப்ல நான் மதிக்கிற ஒண்டு இருக்கு, கதை முழுக்க அவன்தான் சொல்றான், வயசு போன பிறகு, ஆனா தன்னக் காப்பாத்திச் சொல்லல. ஜோ லண்டனுக்குத் தன்னப் பாக்க வாறாரெண்டு கேள்விப்பட்டு, காசக் குடுத்து வராம நிப்பாட்ட ஏலுமெண்டா குடுத்திருப்பன் எண்டு அவனே எழுதுறான். இப்பிடி ஒரு வசனத்த எழுத நெஞ்சில தைரியம் வேணும்.

கே: ஜோ ஏன் இவ்வளவு நல்லவரா இருக்காரு, அப்பிடி ஆக்கள் உண்மைல இருக்காங்களா?

முதல்ல ஒண்டு, ஜோ அவ்வளவு நல்லவரில்ல. பிப்ட அக்கா கம்பால போட்டு அடிக்கிறா, அந்தக் கம்புக்கு ஒரு செல்லப் பேரும் இருக்கு, ஜோ பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு, ஏலுமெண்டா இடையில பூந்து பொடியன சிம்னி மூலையில ஒளிக்கிறாரு, ஆனா நிப்பாட்டல. காரணம் சொல்றாரு, தன்ட தகப்பன் குடிச்சிப்போட்டு வந்து தாய அடிச்சத பாத்து வளந்தவராம், அதால ஒரு பொம்புளைக்கிட்ட கையோ குரலோ ஓங்கிப்போடுவனோ எண்டு பயத்தில மற்றப் பக்கமே சாஞ்சி போயிட்டாராம். எனக்கு இந்த இடம் வாசிக்க நல்லாத்தான் இருந்தது, ஆனா அடிபட்டவன் பொடியன்தானே. நத்தார் சாப்பாட்டு மேசைல எல்லாரும் பிப்ப ஏசுற ஒவ்வொரு தடவையும் ஜோ அவன்ட பிளேட்டுக்குக் குழம்ப ஊத்துறாரு, வாயத் திறக்க ஏலாத ஆள், குழம்ப ஊத்துறதுதான் அவருக்குத் தெரிஞ்ச ஒரே வழி. எங்கட அப்பாமார் நிறையப் பேர் இப்பிடித்தான்.

ஆனா லோயர் வந்த இடத்தில அவர் நிண்ட நிலை இருக்கே. தொழில் பழகுற பொடியனக் கூட்டிக்கிட்டுப் போறம், உனக்கு நட்டம், நட்டஈடு தாறம் எண்டு லோயர் சொல்றாரு. பட்டறை வெச்சிருக்கிறவனுக்குத்தான் இது எவ்வளவு பெரிய நட்டமெண்டு தெரியும், ஒரு பொடியனுக்குக் கிரைண்டர் புடிக்கப் பழக்கி, அளவெடுக்கப் பழக்கி, இனி இவன நம்பி விட்டிட்டுச் சாமான் வாங்கப் போகலாம் எண்டு நினைக்கிற நேரம் அவன் கட்டாருக்குப் போயிடுவான், பிறகு முதல்ல இருந்து தொடங்கோணும். ஜோவுக்கும் அதேதான், ஆனா காசு எண்டு சொன்ன உடனே அந்தச் சாதுவான மனிசன் கைய முறுக்கிக்கிட்டு லோயரோட சண்டைக்கே போறாரு. பொடியன்தான் தன்ட பட்டறைக்கு வந்த நாள்ல இருந்து நல்ல சிநேகிதன், அதுக்கு விலை போடுவியா எண்டுதான் கோவம். நானெண்டா கொஞ்சம் யோசிச்சிருப்பன்.

கே: லண்டனுக்கு ஜோ போற அதிகாரம் 27, அத ஏன் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுறீங்க?

அதுதான் இந்தப் புத்தகத்தின்ட நடு நரம்பு, அதால. ஜோ நல்ல உடுப்பு உடுத்துக்கிட்டு வாறாரு, பிப்ட ரூம்ல தொப்பிய எங்க வைக்கிறதெண்டு தெரியல, சிம்னித் தட்டு ஓரத்தில வைக்கிறாரு, அது விழுது, புடிக்கிறாரு, திரும்பவும் வைக்கிறாரு, திரும்பவும் விழுது. தான் வளத்த பொடியன "சேர்" எண்டு கூப்பிடுறாரு. சிரிப்பு வரும், பிறகு சிரிச்சதுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

நானும் ஒருக்கா மனிசிட தம்பியப் பாக்கக் கொழும்புக்குப் போனன், பாடுமீன் ரெயின்ல ராப் பயணம், மடியில தயிர்ச் சட்டி. வெள்ளவத்தைல மாடி ரூம், அவரோட வேல செய்யிற ஆக்கள் ரெண்டு பேர் இங்கிலீசில கதைச்சிக்கிட்டு இருக்காங்க, இந்தச் சட்டிய எங்க வைக்கிறதெண்டு எனக்கும் விளங்கல. ஜோவப் போல எனக்கு நடக்கல, அவர் சட்டிய வாங்கி நடு மேசைல வெச்சி எல்லாருக்கும் அள்ளிப் போட்டாரு. ஆனா வைக்க முதல் அந்த ஒரு நிமிசம் எப்பிடி இருக்குமெண்டு டிக்கன்ஸுக்கு எப்பிடித் தெரியும் எண்டுதான் நான் யோசிக்கிற.

வெளிக்கிடக்குள்ள ஜோ சொல்றாரு, வாழ்க்கை எண்டுறது எத்தனையோ பிரிவுகள வெல்டு புடிச்சி ஒட்டின ஒண்டு, ஒருத்தன் கருங்கொல்லன், ஒருத்தன் பொற்கொல்லன், ஒருத்தன் செம்பு வேலக்காரன், பிரிவு வரத்தான் செய்யும் எண்டு. அந்தக் காலத்து வெல்டு நான் அடிக்கிற மாதிரி ரொட் வெச்சி அடிக்கிற இல்ல, ரெண்டு இரும்பையும் உலையில வெள்ளை வெளேரெண்டு காய வெச்சி, ஒண்டுக்கு மேல ஒண்டு வெச்சி சுத்தியலால அடிச்சே ஒட்டுற. சாதாரணமா ஆக்கள் வெல்டிங் எண்டா பிரிஞ்சத ஒட்டுறது எண்டு சொல்லுவாங்க. இவர் சொல்றது வேற, ஒட்டுற துண்டுகளே பிரிவுதான், ஒவ்வொரு பிரிவையும் மற்றப் பிரிவோட சேத்து அடிச்சித்தான் முழு நீளம் வருது எண்டு. இரும்படிக்கிறவன்ட வாயில வாறதுக்கு இத விடப் பொருத்தமான கதை நான் வாசிக்கல.

கே: இரும்பு வேலக்காரன்ட கண்ணுக்கு வேற என்னெல்லாம் பட்டது?

இந்தக் கேள்விய ஒரே ஒரு பொடியன்தான் கேட்டான், ஆனா எனக்கு விருப்பமான கேள்வி இதுதான். பிப் கைதிக்குக் களவெடுத்துக் குடுத்தது ஜோட பட்டறை அரம். அடுத்த நாள் நத்தார் சாப்பாட்டு நேரம் பொலிஸ் வேலைக்கு வந்த ஆமிக்காரனுகள் உடஞ்ச கைவிலங்கொண்டக் கொண்டு வந்து செஞ்சி தா எண்டு கேக்கிறானுகள், ஜோ உலைய மூட்டிச் செஞ்சி குடுக்கிறாரு, அது அதே கைதியப் புடிக்கத்தான். ஒரே பட்டறை, தப்பிக்கிறதுக்கும் சாமான் குடுத்து, புடிக்கிறதுக்கும் சாமான் குடுக்குது. பிறகு தவறணையில ஒரு தெரியாத மனிசன் பிப்புக்கு மட்டும் தெரியிற மாதிரி ஜோட அரத்தால தன்ட ரம்மக் கலக்கிறான், போகக்குள்ள ஒரு சில்லிங்க கடதாசியில சுத்திக் குடுக்கிறான், விரிச்சிப் பாத்தா அது ரெண்டு ஒரு பவுண் நோட்டு. அதுக்குப் பிறகு பிப்ட அக்காவ மண்டைல அடிச்சி விழுத்தின ஆயுதம் என்னெண்டு பாத்தா, கைதி அரத்தால அறுத்துப் போட்ட கால் விலங்கு. ஏழு வயசில பயத்தில செஞ்ச வேல சுத்திச் சுத்தி வீட்டுக்குள்ளயே வந்து விழுது. இரும்பு உக்கிப் போக சரியான காலம் எடுக்கும்.

கே: மக்விச் ஒரு கிரிமினல்தானே, பிப் அருவருத்ததில என்ன பிழை?

சட்டப்படி கிரிமினல்தான். ஆயுள் முழுக்க நாடு கடத்தின ஆள், திரும்பி வந்தா தூக்கு, அது தெரிஞ்சுதான் வாறான். ஆனா என்ன செஞ்சான் எண்டு பாருங்க. நியூ சவுத் வேல்ஸ்ல ஆட்டுப்பட்டியில ஆக்கள்ட மூஞ்சியே மறக்கிற அளவுக்குத் தனியக் கிடந்து உழைச்சி, உழைச்ச காச லோயர் மூலமா ஒரு பிள்ளைக்கு அனுப்பியிருக்கான், அந்தப் பிள்ள தனக்கு ஒரு நாள் சாப்பாடு கொண்டு வந்து குடுத்தது எண்டதுக்காக. அங்க குதிரையில போற துரைமார் இவன்ட மூஞ்சியில புழுதிய அடிச்சிக்கிட்டுப் போகக்குள்ள, நான் உங்கள எல்லாரையும் விடப் பெரிய ஜென்டில்மேன் ஒராள உருவாக்கிக்கிட்டு இருக்கன் எண்டு மனசுக்குள்ள சொல்லிக்குவானாம்.

இத மட்டக்களப்பில இருந்து வாசிக்கிறவனுக்கு விளக்கம் தேவையா? எங்கட பக்கம் எத்தன வீட்டில தாய் குவைத்திலயும் சவூதியிலயும் ஆர்ட வீட்டுக் கக்கூசையோ கழுவிக்கிட்டு, இஞ்ச பிள்ள அம்மம்மாட்ட வளந்து, டியூஷனுக்கும் போனுக்கும் பைக்குக்கும் அங்க இருந்துதான் காசு வருது. பிள்ளைக்குத் தெரியிறது காசு மட்டும்தான், கை தெரியாது. பிறகு அந்த மனிசி ஒரு நாள் பேக்கத் தூக்கிக்கிட்டு முத்தத்தில வந்து நிக்கக்குள்ள பிள்ள கிட்ட வராது, அம்மம்மாட பின்னால போய் நிக்கும், நான் கண்ணால கண்டிருக்கன். பிப் செஞ்சது அதுதான், என்ன ஒண்டு அவனுக்கு 23 வயசு, சில்வர்க் கரண்டியில சாப்பிட்டுப் பழகிட்டான், மக்விச் கத்தியால இறைச்சிய வெட்டித் தின்னுறதப் பாக்க அவனுக்கு ஏலாமப் போச்சு.

எண்டாலும் இந்தப் புத்தகத்தில பிப் மனிசனாகிறது இஞ்சதான். மக்விச்சக் கப்பலேத்தி விட ஆத்தில படகு வலிச்சிக்கிட்டுப் போறான், புடிபட்ட பிறகும் விட்டிட்டுப் போகல, நீதிமன்றத்தில 32 பேருக்கு ஒண்டாத் தூக்குத் தீர்ப்புச் சொல்லக்குள்ள எல்லாரும் பாக்கத்தக்கதா அவன்ட கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான். சொத்து முழுக்க அரசாங்கத்துக்குப் போயிட்டு, இனி இவன்ட்ட இருந்து சதமும் வராது, அது தெரிஞ்சும் நிக்கிறான் பாருங்க.

கே: மிஸ் ஹவிஷாம் பைத்தியமா?

கலியாண நாள் மாப்பிள்ள ஏமாத்திட்டுப் போன நேரம் எட்டு நாப்பது, மணிக்கூடு எல்லாத்தையும் அதிலயே நிப்பாட்டிப்போட்டு, கலியாண உடுப்போடயே கேக் பழுதாகிப் பூச்சி ஏறுற வரைக்கும் இருக்கிற பொம்புள. படம் எடுக்கிற ஆக்களுக்கு நல்லம். எனக்கு அவட சோகத்தில பெரிய ஈடுபாடு வரல, சொத்து இருக்கிறவவுக்குத்தான் இப்பிடி இருந்து அழ ஏலும், எங்கட ஊர்ல மாப்பிள்ள விட்டிட்டுப் போனா அடுத்த கிழமை சந்தைக்கு மீன் விக்கப் போகோணும். காசு தாறது தான்தான் எண்டு பிப் பிழையா நினைச்சிக்கிட்டு இருக்கிறான் எண்டு தெரிஞ்சும் வேணுமெண்டே விட்டாவே, அதத்தான் மன்னிக்க ஏலாம இருக்கு.

கே: எஸ்டெல்லா?

பாவம் அவதான். ஆம்புளைகள்ட நெஞ்ச உடைக்கோணுமெண்டே வளத்த பிள்ள. எனக்கு நெஞ்செண்டு ஒண்டு இல்ல, என்னய விட்டிட்டுப் போ எண்டு அவ பிப்புக்கு நேராவே சொல்றா, அவன்தான் கேக்கல. வளத்தவவுக்கும் நீங்க செஞ்சது மாதிரித்தானே நான் இருக்கன் எண்டு மூஞ்சிக்கு நேர சொல்றா. கடைசில பாத்தா மக்விச்சிட மகள். பெரிய இடத்துப் பொண்ணு எண்டு பிப் ஏங்கினது ஒரு கைதிட பிள்ளைக்கு.

கே: பம்பிள்சூக் மாதிரி ஒருத்தர் எங்கட வீட்டிலயும் இருக்காரு, என்ன செய்யலாம்?

ஒண்டும் செய்ய ஏலா. அந்தத் தானியக் கடைக்காரர் பிப் சின்னவனா இருக்கக்குள்ள மேசைல வெச்சிக் கணக்குக் கேட்டு வதைச்சாரு, காசு வந்த உடனே கையக் குலுக்கலாமா, கையக் குலுக்கலாமா எண்டு பின்னால திரிஞ்சாரு, பிறகு இவன இந்த நிலைக்குக் கொண்டு வந்ததே நான்தான் எண்டு ஊருக்குள்ள சொல்லித் திரிஞ்சாரு. ரிசல்ட் வாற அண்டைக்கு எங்கட ஊர்லயும் ரெண்டு மூண்டு பேர் இப்பிடி வெள்ளை சேட் போட்டுக்கிட்டு வெளிக்கிடுவாங்க.

ஆனா டெய்லர் கடைப் பொடியன மறக்காதங்க. பிப் புது உடுப்போட ஊர்த் தெருவில ராசா மாதிரி நடந்து வரக்குள்ள, அவன் எதிரால அதே மாதிரி நடந்து காட்டி, உன்ன எனக்குத் தெரியா, உன்ன எனக்குத் தெரியா எண்டு கத்திக்கிட்டு பாலம் வரைக்கும் பின்னால போறான். ஊருக்கு ஊர் இப்பிடி ஒருத்தன் வேணும். கதை முழுக்க பிப்புக்கு உண்மையச் சொன்னது அவன்தான், பிறகு பிப்ட உசிருக்கு ஆபத்து வந்த நேரம் வழி காட்டி ஆக்களக் கூட்டிக்கிட்டு வந்ததும் அவன்தான்.

கே: முடிவு ரெண்டு இருக்காமே?

ஓம். முதல் எழுதினதில பிப்பும் எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில சும்மா சந்திச்சிட்டுப் பிரிஞ்சி போறாங்க, அவ வேறொராள, ஒரு டொக்டர முடிச்சிட்டா. எட்வர்ட் புல்வர் லிட்டன் எண்ட எழுத்தாளர் சிநேகிதர் அச்சுக்கு முதல் வாசிச்சிட்டு மாத்தச் சொல்ல, டிக்கன்ஸ் மாத்திட்டாரு. இப்ப நாங்க வாசிக்கிற முடிவில இடிஞ்சி போன வளவுக்குள்ள ரெண்டு பேரும் கையப் புடிச்சிக்கிட்டு வெளிய வாறாங்க. எனக்கு முதல் முடிவுதான் சரியெண்டு படுது, மனிசிக்கு ரெண்டாவது. இதில நாங்க சண்டையும் புடிச்சிருக்கம்.

எனக்கெண்டா கதை அதுக்கும் முதலே முடிஞ்சிட்டு. பிப் காய்ச்சல்ல விழுந்து கிடக்க ஜோ வந்து பாக்கிறாரு, சுகமாக சுகமாகத் திரும்பவும் "சேர்" எண்டு கூப்பிடத் தொடங்குறாரு, ஒரு நாள் விடிய எழும்பிப் பாத்தா ஆள் இல்ல, ஒரு துண்டுக் கடிதம், அதோட பிப்ப ஜெயிலுக்குக் கொண்டு போக இருந்த 123 பவுண் கடன் கட்டின ரசீது. எழுத்துத் தெரியாம இருந்த மனிசன், பிடி எண்ட பொண்ணு பழக்கி விட்ட எழுத்து. பிப் பிடிய முடிக்கலாமெண்டு ஊருக்கு ஓடிப் போறான், அண்டைக்குத்தான் பிடிக்கும் ஜோவுக்கும் கலியாணம் முடிஞ்ச நாள். சரியான வேல.

கே: டிக்கன்ஸ்ட சொந்தக் கதையா இது?

அப்பிடியே இல்ல. ஆனா 1824ல தகப்பன் கடனுக்காக மார்ஷல்சி ஜெயிலுக்குப் போகக்குள்ள இவருக்கு 12 வயசு, சப்பாத்துப் பொலிஷ் பெக்டரியில பொலிஷ் சாடிக்கு லேபல் ஒட்டியிருக்காரு, அத சாகுற வரைக்கும் ஊருக்குச் சொல்லல. கென்ட்லதான் சின்ன வயசில வளந்தாரு, இத எழுதக்குள்ளயும் அந்தப் பக்கம்தான் வீடு. 1860 டிசம்பர்ல இருந்து 1861 ஆகஸ்ட் வரைக்கும் தன்ட சொந்தப் பத்திரிகையில கிழமைக்குக் கிழமை போட்டாரு, அதுவும் அதில ஓடிக்கிட்டிருந்த வேறொராள்ட தொடர்கதை எடுபடாம விற்பனை விழுந்ததால. அவசரத்துக்கு எழுதினது இப்பிடியெண்டா!

கே: இங்கிலீசு கஷ்டமா? எந்த வயசில வாசிக்கலாம்?

முதல் அதிகாரம் கஷ்டமில்ல, மாரி காலத்தில படுவான்கரைப் பக்கம் வாவிக்கரையில நிண்டு பாத்திருந்தா அந்தச் சதுப்பும் காத்தும் தானாக் கண்ணுக்கு வரும். ஜோட பேச்சுத்தான் முதல்ல விளங்காது, வாய்விட்டு வாசிங்க, விளங்கும். சுருக்கிப் போட்ட பதிப்ப வாங்காதங்க, அதில முதல்ல வெட்டுறது டெய்லர் கடைப் பொடியனத்தான். பதிப்புரிமை எப்பவோ முடிஞ்சதால நெட்ல சும்மாவே எடுக்கலாம். வயசு எண்டா, வீட்ட விட்டுப் போக முதல் ஒருக்கா, போய் வந்த பிறகு ஒருக்கா.

கே: மனிசிட தம்பி இத வாசிச்சாரா? உங்களுக்குக் கோவம் ஏதும் இருக்கா?

கோவம் ஒண்டும் இல்லகா, எல்லாரும் இதத்தான் கேக்கிறீங்க. அவர் இப்ப மெல்பன்ல. வட்ஸ்அப்ல கேட்டன், சோதினைக்குப் படிச்சதாம், கேக்கில பூச்சி ஓடுறது மட்டும்தான் ஞாபகமாம். பிறகு ஒரு நாள், அத்தான், பட்டறைக்கு என்ன வேணும், நான் அனுப்புறன் எண்டு கேட்டாரு. ஜோவெண்டா வேணாம் எண்டிருப்பாரு. நான் இன்வேர்ட்டர் வெல்டிங் மெசின் ஒண்டு கேட்டன், மொடலும் சொன்னன். வந்திட்டு, கரண்ட் குறைவா இழுக்குது, நல்ல மெசின்.